மரியாதை பார்த்துக் கேட்காமல் விட்ட கேள்வி

சேர்க்கை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு முதலில் என் வாழ்த்து. அடுத்தது அனுதாபம். நீங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறீர்கள் என்ற செய்தி இந்நேரம் ரொறன்ரோவில் எங்கள் சனம் வாழும் ஸ்காபரோ முழுக்கப் பரவியிருக்கும். இனி எந்தக் கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் உங்களால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது. கையில் தட்டோடு நிற்கும்போது யாராவது ஒரு அங்கிள் பின்னால் வந்து தோளில் தட்டுவார். "பிள்ளை, என்ர மச்சாளின்ர மகன் டென்மார்க்கில இருக்கிறான். உங்கட யூனிவேசிற்றியில இடம் எடுக்கலாமோ?" என்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அவருக்குத் தேவை உங்கள் தலையாட்டல் மட்டும்தான்.

இருபத்தாறு வருடம் நான் அப்படித் தலையாட்டினேன். போன வருடம் ஓய்வு தந்து, ஒரு பேனையும் கேக்கும் தந்து அனுப்பிவைத்தார்கள். பேனை எழுதவில்லை. ஆகவே இதை வீட்டுப் பேனையால் எழுதுகிறேன்.

எங்கள் சனத்திடம் ஒரு சித்தாந்தம் உண்டு. வெளிநாட்டு மாணவர் உள்நாட்டுப் பிள்ளையை விடப் பல மடங்கு கட்டணம் கட்டுகிறார். ஆகவே ஐரோப்பாவிலிருந்து ஒரு பிள்ளை விண்ணப்பித்தால் பல்கலைக்கழகம் வாசலில் வந்து நின்று கும்பிடும். இதில் பாதி உண்மை. அதுதான் தொல்லை. முழுப் பொய்யென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சில கற்கைகளுக்கு நாங்கள் உண்மையிலேயே கும்பிடத்தான் செய்கிறோம். அறிவுக்கு எல்லை கிடையாது என்று எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்பது கட்டணப் பக்கத்தில் இருக்கும்.

மற்றப் பாதியை அங்கிள்மார் கேட்பதில்லை. நேர்ஸிங் போன்ற சில கற்கைகளில் ஆசனங்கள் குறைவு, அரசாங்கத்தின் உதவியில் நடப்பவை. எங்கள் இடத்தில் அவை உள்நாட்டு மாணவருக்கு மட்டும். அங்கே பாரிஸில் நீங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்திருந்தாலும், கணினி உங்கள் புள்ளிகளைப் பார்க்கவே பார்க்காது. 'கட்டண நிலை' என்ற பெட்டியைப் பார்க்கும். அதில் வெளிநாட்டவர் என்று இருந்தால் கோப்பை ஓரமாக வைத்துவிடும். அந்தப் பெட்டிக்கு இருக்கும் அதிகாரம் பேராசிரியர்களுக்குக் கூட இல்லை.

அனோஜாவின் கோப்பை அப்படித்தான் ஓரமாக வைத்தது. பதினெட்டு வயது. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் பிறந்து வளர்ந்தவள், தாயோடு இருக்கிறாள். நேர்ஸிங்குக்கு மட்டுமே விண்ணப்பித்திருந்தாள். தாய் வயோதிபர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்கிறாள் என்றும், பள்ளி விடுமுறைகளில் தானும் அங்கே போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு ஊட்டியதாகவும் விண்ணப்பக் கட்டுரையில் எழுதியிருந்தாள். வழக்கமாக அந்தக் கட்டுரைகளில் பிள்ளைகள் உலகத்தை மாற்றப் புறப்படுவார்கள். இவள் ஒரு கிழவர் தன்னிடம் சூப் குடிக்க மறுத்த கதையை எழுதி, கடைசிவரை அவர் குடிக்கவில்லை என்று முடித்திருந்தாள். வாசித்த உடனேயே எனக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

அவளுக்காகக் கதைக்க அனுமதி உள்ளவர் என்ற இடத்தில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான அஜக்ஸில் வசிக்கும் பெரியம்மாவின் பெயர் இருந்தது. அந்த அம்மாவை எனக்குக் கோயிலில் பழக்கம். தாயின் பெயர், தொழில், விலாசம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடுகூட இல்லை, வெறுமை.

கோப்போடு அவளுடைய பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் இருந்தன. பிரெஞ்சுக்காரர் இந்த விடயத்தில் வஞ்சகமில்லாதவர்கள். தாய் தகப்பன் பற்றி எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். தகப்பனுடைய பெயர் இருந்தது. பிறந்த இடம், யாழ்ப்பாணம். வதிவிடம், ரொறன்ரோ, கனடா.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தாளைப் புரட்டினேன்.

ஏன் புரட்டினேன் என்று உங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்கும். அந்தக் காலத்தில் கனடா மாப்பிள்ளைகள் விமானமேறிப் போய், பாரிஸில் மண்டபம் எடுத்துத் தாலி கட்டி, "போய் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அநேகம் பேர் சொன்னதைச் செய்தார்கள். சிலருடைய ஸ்பொன்சர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அப்படி விடப்பட்ட வீடுகளில் அந்த மனிதரின் பெயரை எடுப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. கோயிலில் கண்டால் பிள்ளை வளர்ந்துவிட்டாளே என்போம், என்ன படிக்கிறாள் என்போம், தகப்பன் எங்கே என்று மட்டும் கேட்கமாட்டோம். அது எங்கள் பண்பாடு. அந்த வீட்டைத் தாண்டிப் போனபிறகு அடுத்த வீட்டில் வைத்து மூன்று மணித்தியாலம் அதையே கதைப்போம், அதுவும் எங்கள் பண்பாடுதான்.

ஆகவே நான் மரியாதையான பெண்ணாக நடந்துகொண்டேன். பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, நேர்ஸிங் சரிவராது, பொதுவான உடல்நல விஞ்ஞானக் கற்கைக்கு மாற்றுங்கள் என்றேன்.

"அதுக்கு இடம் கிடைக்குமோ அக்கா?"

"உடனே கிடைக்கும்."

"பாத்தீங்களே! இவர் அப்பவே சொன்னவர், காசு குடுக்கிறவைக்குக் கதவு திறக்கும் எண்டு."

கதவு திறந்தது. நேர்ஸிங்குக்குத் தகுதியில்லாத அதே பிள்ளைக்கு, அதே புள்ளிகளோடு, பதினொரு நாளில் அனுமதிக் கடிதம் போனது. மேலே மேப்பிள் இலை, கீழே துணைவேந்தரின் கையெழுத்து, நடுவே 'உங்கள் திறமை எங்களை வியக்கவைத்தது' என்ற வசனம். அந்த வசனத்தைப் பல வருடங்களுக்கு முன் எழுதியவளே நான்தான். ஒருவருடைய திறமையையும் பார்க்காமல் எழுதினேன்.

அஜக்ஸில் பெரியப்பா வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுக்க வங்கியில் கதைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். அனோஜாவைத் தவிர. அவள் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள், இரண்டே வரி. தனக்கு நேர்ஸிங் மட்டும்தான் படிக்க விருப்பம், வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

இல்லை என்று எழுதினேன். மிகவும் வருந்துகிறோம், எல்லா வாய்ப்புகளையும் கவனமாகப் பரிசீலித்தோம், வேறு வழி கிடையாது. பிள்ளைகளே, எங்கள் தொழிலில் 'கவனமாகப் பரிசீலித்தோம்' என்று எழுதும்போதெல்லாம் கையை நிறுத்தி, உண்மையாகவே பரிசீலித்தீர்களா என்று ஒருமுறை யோசியுங்கள். நான் பரிசீலிக்கவில்லை. வழி என் கண்ணுக்கு முன்னால், முத்திரையோடு கிடந்தது.

இரண்டரை மாதம் போனது. மே மாத நடுவில் எனக்குக் காய்ச்சல். அடுத்த மேசைக்காரர் என் கோப்புகளைப் பார்த்தார். நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த மனிதர். நாசூக்கு என்ற பொருள் அவருக்கு ஒருபோதும் விற்கப்படவில்லை. ஒருவர் மெலிந்தால் ஏன் மெலிந்தாய் என்று கேட்பார், ஒருத்தி அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார். நாங்கள் அவரைப் பண்பில்லாதவர் என்று சொல்லிக்கொள்வோம். நான் திரும்பி வந்த அன்று அவர் அனோஜாவின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பிள்ளை பிறந்தபோது தகப்பன் ரொறன்ரோவில் இருந்திருக்கிறானே. அவன் கனடியக் குடிமகனா?"

"தெரியாது."

"கேட்டாயா?"

"அதெல்லாம் நாங்கள் கேட்பதில்லை."

"நாங்கள் என்றால் யார்? அலுவலகமா?"

அலுவலகத்துக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த விதி என்னோடு விமானத்தில் வந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கவேண்டும். பிள்ளை பிறந்தபோது தகப்பன் கனடியக் குடியுரிமை எடுத்திருந்தால், பிள்ளை பாரிஸில் பிறந்தாலும் கனடியப் பிரஜை. யாரும் தரத் தேவையில்லை, பிறக்கும்போதே வந்துவிட்டது. கனடியப் பிரஜை என்றால் உள்நாட்டு மாணவி. உள்நாட்டு மாணவி என்றால் நேர்ஸிங். பதினெட்டு வருடமாக அந்தப் பிள்ளை தான் கனடியப் பிரஜை என்று தெரியாமல் இருந்திருக்கலாம், பெரியப்பா தேவையில்லாமல் வீட்டை அடகு வைக்கலாம், எல்லாம் ஒரு பெயரைச் சொல்லாததால். அந்தக் குடும்பம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தது. நானும் அதன் மேல் ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டேன்.

அன்று பெரியம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை. பாரிஸுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம் கேக்கவேணும். குறை நினைக்காதையும். அப்பா... வந்து... உங்கட அப்பா..."

"அப்பா கனடா சிற்றிசனோ எண்டு கேக்கிறீங்களோ அன்ரி?"

"ஓம்."

"ஓம் அன்ரி. அம்மா சொன்னவ. அவர் கலியாணத்துக்கு வரேக்கையே கனடா பாஸ்போட்டிலதான் வந்தவராம். அது முக்கியமோ?"

முக்கியமோ! நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். இரண்டரை மாதம் நான் பக்குவமாகச் சுற்றிப் போன இடத்தை அவள் நாலு வசனத்தில் கடந்துவிட்டாள். விடயத்தை விளங்கப்படுத்தினேன். தகப்பனுடைய குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி வேண்டும், அதை வைத்து அரசாங்கத்திடம் குடியுரிமைச் சான்றிதழுக்கு அவள் விண்ணப்பிக்கவேண்டும், அவசரம் என்று கடிதம் வைத்தாலும் மாதங்கள் எடுக்கலாம்.

"அம்மாட்ட அவற்ர பழைய நம்பர் இருக்கு. அடிச்சுப் பாக்கிறன் அன்ரி."

பதினெட்டு வருடத்து நம்பர். அவர் மாற்றாமல் வைத்திருந்தார். முதல் தடவையிலேயே எடுத்தாராம்.

மறுநாள் காலை, விடயம் காதுக்கு எட்டி, பெரியம்மா அஜக்ஸிலிருந்து ரயில் ஏறி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பிள்ளை ஏதோ தீ பிடித்துவிட்டதென்று நினைத்து எழுந்து நின்றாள்.

"அக்கா, உங்களை நான் நம்பினனான். அந்தாளின்ர பேரைச் சொல்லி எங்கட பிள்ளை படிக்கத் தேவையில்லை. நாங்கள் காசு கட்டுவம். வீடு போனாலும் கட்டுவம்!"

"வீடு போகத் தேவையில்லை. அவள் கேக்கிற படிப்பும் கிடைக்கும்."

"என்ர தங்கச்சி வயித்தில பிள்ளையோட ஸ்பொன்சர் கடிதம் வரும் வரும் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டவள். இப்ப அவனிட்டப் போய்ப் பிச்சை கேக்கவோ?"

அந்தக் கோபம் நியாயமானது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவள் ஒன்றை மறக்கக்கூடாது. விண்ணப்பித்தவள் தங்கச்சியும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. முடிவு அனோஜாவுடையது, அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் எழுந்து போனார். அதன்பிறகு நாலு வருடம் கோயிலில் என்னைக் கண்டால் நவக்கிரகத்தை இன்னும் ஒருமுறை சுற்றப் போய்விடுவார்.

அந்த வாரமே தகப்பன் வந்தார். நான் ஒரு பெரிய வில்லனை எதிர்பார்த்திருந்தேன். பார்சல் வான் ஓட்டுகிற, முழங்கால் நோவோடு நடக்கிற, தலை நரைத்த ஒரு மனிதர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை உங்களைக் கேக்கச் சொன்னது அக்கா. இந்தப் பேப்பர் காணுமோ, இல்லாட்டி வேற ஏதும் வேணுமோ?"

குடியுரிமைப் பத்திரத்தின் திகதியைப் பார்த்தேன். அவள் பிறப்பதற்கு மூன்று வருடத்துக்கு முந்தியது.

"காணும். பிரதி எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கோ, இண்டைக்கே."

"இண்டைக்கே அனுப்புறன்." பிறகு தயங்கினார். "பிள்ளை என்ன படிக்கப் போகுது?"

மகள் என்ன படிக்கப் போகிறாள் என்பதை என்னிடம் கேட்கிறார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நல்லதாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அவர் அந்தப் பத்திரத்தை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். நேர்ஸிங் என்று மட்டும் சொன்னேன். "நேர்ஸிங்," என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் அவரை மன்னிக்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். நேர்ஸிங் பிரிவுக்குப் போய், குடியுரிமைச் சான்றிதழ் வரும்வரை ஓர் ஆசனத்தை நிறுத்தி வைக்கும்படி கேட்டேன். பிழை என்னுடையது, பிறப்புச் சான்றிதழை மார்ச் மாதமே பார்த்தும் கேட்காமல் விட்டேன் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். என் மேலதிகாரிக்கு அது பெரிய அதிர்ச்சி. எங்கள் அலுவலகத்தில் பிழைகள் தாமாகவே நடக்கும், யாரும் விடுவதில்லை. "இதை எழுத்தில் போடத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். போட்டேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், நீங்கள் பயப்படுவீர்கள் என்பதற்காக.

நேர்ஸிங் பிரிவினர் கூட்டம் வைத்தார்கள். ஐந்து பேர், ஐந்து பேருக்கும் முகத்தில் நல்ல துயரம். மிகவும் வருந்தினார்கள். எல்லா வாய்ப்புகளையும் கவனமாகப் பரிசீலித்ததாகச் சொன்னார்கள். சான்று கையில் இல்லாத பிள்ளைக்கு ஆசனத்தை நிறுத்தி வைக்க விதியில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் அறுபது பேர் சான்றோடு நிற்கிறார்கள். அவர்கள் சொன்னது சரி.

குடியுரிமைச் சான்றிதழ் ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி வந்தது. வகுப்பு ஜூலையிலேயே நிறைந்துவிட்டது. மார்ச்சில் நான் ஒரு போன் எடுத்திருந்தால் ஜூன் தொடக்கத்தில் வந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்கள். அந்தக் கண் என்னுடையது, கெட்டது அனோஜாவின் ஒரு வருடம்.

அவள் அந்த மற்றக் கற்கையை ஏற்கவில்லை. கனடியப் பிரஜையாக வந்து இறங்கி, பெரியம்மாவோடு அஜக்ஸில் இருந்துகொண்டு, ஒரு கோப்பிக் கடையில் வேலைக்கு நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவுக்குப் போய்த் தகப்பனைச் சந்திக்கிறாள் என்று பிறகு அறிந்தேன். பெரியம்மா அவளைப் பஸ் தரிப்பில் இறக்கிவிடுவாராம், எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டாராம். அடுத்த வருடம் அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். புள்ளிகள் அதே புள்ளிகள், கட்டுரையில் அதே கிழவர், அதே சூப். இந்த முறை கணினி வாசித்தது. நேர்ஸிங்குக்கு இடம் கிடைத்தது.

செப்டெம்பரில் ஒருநாள், இரண்டு வகுப்புகளுக்கு இடையில், என்னைத் தேடி வந்தாள். நான் நினைத்ததை விடக் கட்டையான பிள்ளை. வகுப்பெல்லாம் எப்படி என்று கேட்டேன். நல்லம் என்றாள். பிறகு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டோ? அந்த பர்த் சேர்ட்டிபிக்கற்றில அப்பாவின்ர பேர், ரொறன்ரோ எல்லாம் இருந்ததுதானே. முதலே பாத்தனீங்களோ?"

காய்ச்சல், வேலை, ஆயிரம் கோப்புகள் என்று சொல்ல எத்தனையோ இருந்தன.

"பாத்தனான்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"உமக்குச் சங்கடமா இருக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒரு சங்கடமும் இல்லை அன்ரி. ஆராவது அவரைப் பற்றி என்னட்டக் கேக்கமாட்டினமோ எண்டுதான் சின்னனில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். பெரியாக்கள் உங்களெல்லாருக்கும் உங்கட சங்கடம்தான் பெரிசாக் கிடந்தது."

அவள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தாள். உடற்கூற்றியல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவளோடு பள்ளியில் படித்தவர்கள் அந்த நேரம் இரண்டாம் வருடத்தில் இருந்தார்கள்.